டான்யூப் முதல் ஜெர்சி வரை: கெல்ட்டிய வெள்ளிக் காசு வாங்குவோருக்கு ஒரு மதிப்புரை

இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் வீட்டை அடகு வைக்கக் கூடாது என்பவர்களுக்கு இன்று சந்தையில் இருக்கும் நல்ல சரக்கு கெல்ட்டிய வெள்ளிக் காசுதான். கெல்ட்டியர் என்பவர்கள் ரோமானியர் ஆட்சிக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வாழ்ந்த மக்கள்; கிரேக்க, ரோமானியக் காசுகளை மூலமாக வைத்து நகலெடுத்துத்தான் தங்கள் காசை அடித்தார்கள். ஒரே சிக்கல், விற்பவர்களில் பலர் இதைக் கிரேக்கக் காசுக்கு வைக்கும் அளவுகோலாலேயே அளக்கிறார்கள். முகம் தெளிவாக இருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து விலை போடுகிறார்கள். மூலத்துக்கு நெருக்கமான நகலில் கெல்ட்டியம் குறைவு. மூலத்தை உடைத்துப் போட்ட காசில்தான் அச்சு வெட்டியவனின் கை தெரியும். அதனால் சுமாரான காசு விலை ஏறியும், அருமையான காசு மலிவாகவும் ஏலத்துக்கு வருகின்றன. அடிக்கடி விற்பனைக்கு வரும் வகைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தங்கக் காசுகள் இதில் இல்லை.

பிலிப்பின் குதிரை: டான்யூப் வகைகள்

ஒரே ஒரு கெல்ட்டியக் காசுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். தாய்க் காசு மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் (கி.மு. 359–336) அடித்த நான்கு திராக்மா (கிரேக்கக் காசு அலகு) வெள்ளி. எடை ஏறத்தாழ 14.4 கிராம். முன்புறம் இலைமாலை சூடிய தாடிக்காரக் கிரேக்கக் கடவுள் ஜீயஸ். பின்புறம் குதிரைமேல் ஈச்ச ஓலை ஏந்திய சிறுவன், கி.மு. 356-இல் ஒலிம்பியாப் பந்தயத்தில் பிலிப்பின் குதிரை வென்றதைப் பறைசாற்றும் படம். பிலிப் இறந்த பிறகும் மாசிடோனிய அச்சகங்கள் அதே காசைப் பல பத்தாண்டுகள் அடித்தன. கூலிப்படைச் சம்பளம், கப்பம், கொள்ளை, வணிகம் என எல்லா வழியிலும் அது வடக்கே போய்ச் சேர்ந்தது. டான்யூப் கரையில் இருந்தவர்கள் அதற்குப் பழகிப்போய், பிறகு தாங்களே அடிக்கத் தொடங்கினார்கள்.

முதல் தலைமுறை நகல்கள் 13 கிராமுக்கு மேல் நிற்கும், வெள்ளியும் நல்ல மாற்று. கிரேக்க எழுத்தில் பிலிப்பின் பெயர் பாதியாவது படிக்க வரும். பிறகு எடை 12, 10 என்று இறங்கும், செம்பு ஏறும். கடைசிக் கட்டக் காசுகள் சிலவற்றில் வெள்ளி பேருக்குத்தான் இருக்கும். எடையும் மாற்றும் இறங்க இறங்கப் படத்தில் துணிச்சல் ஏறுவதுதான் இந்த வகையின் சுவாரசியம்.

ஏலப் படத்தைப் பார்க்கும்போது கண்ணை ஓட்ட வேண்டிய இடங்கள் சில உண்டு. முதலில் எழுத்து: எழுத்தறியாத கை அதைக் கோடும் வட்டமுமாக ஆக்கியிருக்கும், பிறகு அது வெறும் எல்லைக்கோடாகிவிடும். அடுத்து மாலை. ஜீயஸின் இலைகள் ஒரே அளவு மணிகளாகவோ அம்பு முனைகளாகவோ வரிசைகட்டும். முடிச்சுருள் ஒவ்வொன்றும் தனித்தனி வளைவாகப் பிரியும். இந்த வளைவுகளும் மூன்று கால் கொண்ட சுழல் வடிவமும் லா தேன் என்ற கெல்ட்டியக் கலைப்பாணியின் கலைஞர்கள் வாள் உறையிலும் கழுத்து வளையத்திலும் போட்ட அதே வடிவங்கள்தாம். கன்னம் தனியாக உப்பிய ஒரு பந்தாக நிற்கும் வகையை ஜெர்மன் விற்பனையாளர்கள் 'குகல்வாங்கே' என்பார்கள். அதன்பின் குதிரை: மூட்டுக்கு மூட்டு ஒரு குமிழ், குமிழுக்கும் குமிழுக்கும் நடுவில் ஒரு கோடு, பிடரி மயிர் புள்ளிகளின் வரிசை, குளம்பு ஒரு முக்கோணம் அல்லது வட்டம். இப்படிப் பிரித்து வரைந்தாலும் குதிரை ஓடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். தெரியாவிட்டால் அது நல்ல அச்சு இல்லை. கடைசியில் வீரன். முதலில் அவன் கையில் இருந்த ஓலை போகும், பிறகு கால்கள், அப்புறம் உடம்பே போய்க் குதிரை முதுகில் ஒரு முளையோ தலைக்கவசச் சிறகோ மட்டும் மிஞ்சும். பொம்மை போலச் சின்ன உடம்போடு நிற்பவன் 'புப்பன்ரைட்டர்'. குதிரைத் தலை சேணம் மாதிரி வளைந்தால் 'ஸாட்டல்கோப்ஃப்பேர்ட்'. ஏலப் பட்டியல்களில் இந்த ஜெர்மன் பெயர்கள் அப்படியே வரும். பெரும்பாலும் கார்ல் பிங்க் 1939-இல் செய்த வகைப்பாட்டிலிருந்து வந்தவை. ஓ.டி.ஏ. என்று எண்ணோடு போட்டிருந்தால் அது ராபர்ட் கோப்ல் 1973-இல் வெளியிட்ட வகை அட்டவணையின் எண். அந்த எண் இல்லாமல் 'கிழக்குக் கெல்ட்டியம், நான்கு திராக்மா' என்று மட்டும் எழுதும் விற்பனையாளரிடம், எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த வகையில் புதியவர்கள் ஏமாறும் இடம் முன்புறம். பிற்காலக் காசுகள் கிண்ணம் போல வளைந்தவை. முன்புறம் புடைத்தும் பின்புறம் குழிந்தும் இருக்கும். புடைத்த பக்கத்தின் உச்சி கையில் புழங்கும்போது முதலில் தேயும். அது மட்டுமல்ல, முன்புற அச்சைத் தேய்ந்து போன பிறகும் விடாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில வகைகளில் முன்புறம் வெறும் மொட்டைக் குமிழ்தான். 'தேய்ந்த காசு' என்று பட்டியல் சொல்வது இரண்டில் எது என்று நாமே தீர்மானிக்க வேண்டும். பின்புறக் குதிரை கூர்மையாகவும், குமிழ்கள் உருண்டையாகவும், விளிம்பில் உலோகம் ஓடிய கோடுகள் தெரிந்தும் முன்புறம் மட்டும் மழுங்கியிருந்தால் தேய்ந்தது அச்சு, காசு இல்லை. அந்தக் காசு அடித்த நாளிலும் அப்படியேதான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது புழங்கித் தேய்ந்தது. விலை இரண்டுக்கும் ஒன்றாகவே போடப்படும். முன்னதைத் தயங்காமல் எடுக்கலாம்.

அச்சு காசைவிடப் பெரியது என்பதையும் மனத்தில் வையுங்கள். வில்லை 22 முதல் 26 மில்லிமீட்டர். முழுப் படமும் விழுந்த காசு அரிது. குதிரை முழுதாக விழுந்து ஜீயஸின் மூக்கு வெட்டுப்பட்டிருந்தால் பரவாயில்லை. மூக்கு முழுதாக இருந்து குதிரையின் தலை வெளியே போயிருந்தால் எனக்கு வேண்டாம்.

விலை: சுமாரான காசு 100 யூரோவைத் தாண்டியதும் கிடைக்கும். பார்க்கத் தகுந்தது பெரும்பாலும் 200 முதல் 500 யூரோவுக்குள். முதல் தலைமுறை நகலுக்கு அதிகம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை; அதற்குப் பதில் பிலிப்பின் அசல் காசையே வாங்கிவிடலாம்.

தாசோஸ் நகல்

அளவில் பெரியது, பார்வைக்கு எடுப்பானது, விலையில் பெரும்பாலும் மேலே சொன்னதைவிடக் குறைவு. ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். கி.மு. 148-க்குப் பின் மாசிடோனியா ரோமின் மாகாணமானது. அதையொட்டிய காலத்தில் ஈஜியன் கடலில் உள்ள தாசோஸ் தீவின் பெயரில் அகலமான வெள்ளிக் காசுகள் பெருமளவில் அடிக்கப்பட்டன. முன்புறம் கொடிமாலை சூடிய டயோனைசஸ், பின்புறம் கதையும் சிங்கத்தோலும் ஏந்திய ஹெராக்லிஸ், சுற்றிலும் 'தாசோஸ்காரர்களின் காவலன் ஹெராக்லிஸ்' என்ற எழுத்து. எடை 16 கிராமுக்கு மேல், விட்டம் 30 மில்லிமீட்டருக்கு மேல். பால்கன் பகுதி மக்கள் இதை நகலெடுத்தார்கள். அதில் திரேசியர் யார், கெல்ட்டியர் யார் என்று பிரிப்பது கஷ்டம்; பட்டியலில் 'கெல்ட்டியம்' என்று அடித்துச் சொன்னால் அது விற்பனைப் பேச்சு.

மூலத்தோடு ஒட்டிய நகல் வேண்டாம். அது கிரேக்கமும் ஆகாது, கெல்ட்டியமும் ஆகாது. ஹெராக்லிஸ் புள்ளிகளால் ஆன குச்சி மனிதனாகி, மார்பு இரண்டு வட்டமாகி, எழுத்துகள் முழுக்கப் புள்ளி வரிசையாகிவிட்ட கடைசிக் கட்ட அச்சைத் தேடுங்கள். டயோனைசஸின் முகம் அதில் வெறும் கோடுகளின் அடுக்காக இருக்கும். அகலமான மெல்லிய வில்லை என்பதால் விளிம்பு வெடிப்பு சகஜம். வெடிப்பு நடுவரை ஓடினால் விட்டுவிடுங்கள். பழைய வெள்ளி எப்படி உடையும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சிலுவைக் காசும் தேளான சிங்கமும்

தெற்குப் பிரான்சில் துலூஸ் வட்டாரத்தில் வோல்கே டெக்டோசாகெஸ் மக்கள் அடித்ததாகக் கொள்ளப்படும் காசுகளைப் பிரெஞ்சுக் கடைகள் 'சிலுவைக் காசு' என்று விற்கின்றன. கிறிஸ்துவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்றைய கத்தலோனியாவில் ரோசஸ் என்று இருக்கும் ரோடே என்ற கிரேக்கக் குடியேற்றம், தன் வெள்ளித் திராக்மாவின் பின்புறத்தில் கீழிருந்து பார்த்த ரோஜாவைப் போட்டது. அதன் புல்லிகள் நீண்டு சிலுவைக் கைகளாயின. இடையில் இருந்த இதழ்கள் பிறையாகவும் புள்ளியாகவும் கோடரியாகவும் மாறின. தலைப் பக்கம் சீக்கிரமே கலைந்து, கனத்த உதடும் முடிக்கோடுகளுமாக நிற்கும்.

இந்தக் காசு வட்டமாக இருக்காது. வெள்ளித் தகட்டை உளியால் சதுரமாக வெட்டி, மூலைகளைத் தட்டிவிட்டு அடித்திருக்கிறார்கள். நான்கு, ஆறு, எட்டு பக்கம் எதுவும் வரலாம். 'விளிம்பு வெட்டப்பட்டது' என்று குறைசொல்லி விலை குறைக்கும் பட்டியலைக் கண்டால் உங்களுக்கு லாபம். எடை 3.5 கிராம் அளவில் தொடங்கிப் பிற்காலத்தில் குறைகிறது. 80 முதல் 200 யூரோ. சிலுவை பிரிக்கும் நான்கு கட்டங்களில் கோடரி தெளிவாக விழுந்த கட்டம்தான் இதில் பார்க்க வேண்டிய இடம்.

ஆல்ப்ஸுக்குத் தெற்கே, வட இத்தாலியின் போ சமவெளியில் இருந்த கெல்ட்டியர் மசாலியாவின், அதாவது இன்றைய மார்செயின், திராக்மாவை நகலெடுத்தார்கள். ஆர்ட்டெமிஸ் தலை, பின்புறம் நடக்கும் சிங்கம். நகலுக்கு நகல் சிங்கத்தின் உடம்பு ஒடுங்கிக் கால்கள் கொடுக்குகளாகி, கடைசியில் இத்தாலியர்களே 'சிங்கத்தேள்' என்று பெயர் வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பிந்தைய வெளியீடுகளில் உள்ளூர் லெப்போண்டிக் எழுத்தில் பெயர்கள் வரும். அழகு விஷயத்தில் சிலுவைக் காசுக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். ஆனால் ஒரு மிருகம் இன்னொரு மிருகமாவதைக் காட்ட நான்கைந்து காசுகளை வரிசையாக வைக்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல தொகுதி கிடையாது.

கொரியோசொலிட்: காசுக்கேற்ற தோசை

விலைக்கு மதிப்பு என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். வடமேற்குப் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் இருந்த கொரியோசொலிட் மக்கள் கி.மு. முதல் நூற்றாண்டில் அடித்த ஸ்டேட்டர் என்ற காசு. எடை 6.5 கிராம் சுற்றி, விட்டம் 20 முதல் 23 மில்லிமீட்டர். வெள்ளியைவிடச் செம்பு அதிகம். இதன் மூதாதை பிலிப்பின் தங்க ஸ்டேட்டர்: முன்புறம் அப்பல்லோ, பின்புறம் இரட்டைக் குதிரைத் தேர். முந்நூறு ஆண்டு கழித்து அப்பல்லோவின் முடி மூன்று பெரிய சுருளாகவும், மூக்கு தலைகீழ் எழுத்து மாதிரியும் மாறியிருக்கிறது. தேர் காணாமல் போய், தேரோட்டி குதிரைக்கு மேலே மிதக்கும் கோடுகளாகிவிட்டான். குதிரைக்கு அடியில் காட்டுப்பன்றி அல்லது யாழ். வகைகள் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிடப்பட்டிருக்கின்றன. மூக்கின் வடிவமும் குதிரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும்தான் வகைபிரிக்கும் குறிகள்.

ஏன் மலிவு என்றால் எண்ணிக்கை. பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்சித் தீவில் 2012 ஜூனில் இரண்டு உலோகங்காணிப் பயனாளர்கள் கண்டெடுத்த புதையலில் மட்டும் சுமார் 70,000 காசுகள், பெரும்பாலும் இந்த வகைதான். முக்கால் டன் எடையுள்ள ஒரே கட்டியாகத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு காசும் இருந்த இடத்தை லேசரால் பதிவு செய்துகொண்டே 2014 முதல் 2017 வரை பிரித்தார்கள். 2021-இல் ஜெர்சி அரசு அதை 42.5 லட்சம் பவுண்டுக்கு முழுதாக வாங்கியது. ஆக அந்தக் காசுகள் சந்தைக்கு வரவில்லை. 'ஜெர்சிப் புதையல்' என்று ஒட்டி விற்றால், 1935-இல் அதே தீவில் லா மார்க்காந்தரியில் கிடைத்த பழைய புதையலா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

செம்பு அதிகம் என்பதால் களிம்புப் பிரச்சினை இந்த வகைக்கு உண்டு. கரும்பச்சையாக, இறுகலாக, வழவழப்பாக இருக்கும் களிம்பு நல்லது, தொடாதீர்கள். வெளிர்பச்சை மாவாகக் குச்சி பட்டதும் உதிர்ந்தால் அது உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டிருப்பதன் அடையாளம். அந்தக் காசை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போடக் கூடாது. பளபளவென்று வெள்ளி நிறத்தில் மின்னும் கொரியோசொலிட் காசு அமிலத்தில் உரிக்கப்பட்டது. மேல்தோலில் இருந்த செம்பு போய் வெள்ளி மட்டும் நிற்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் தோல் நுண்ணிய துளைகளாக இருக்கும். அப்படிப்பட்டதைப் பாதி விலைக்குத் தந்தாலும் யோசிக்கவும். நல்ல காசு 100 முதல் 250 யூரோ.

பிரிட்டன்: ஐசீனி

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்து ஐசீனி மக்களின் சின்ன வெள்ளிக் காசு. எடை 1.25 கிராம் அளவு, சுண்டுவிரல் நகத்தளவு. முதுகு மயிர் சிலிர்த்த பன்றி ஒரு பக்கம், குதிரை மறுபக்கம். இன்னொரு வகையில் பன்றிக்குப் பதில் முகம். அந்த முகக் காசைக் கி.பி. 60–61-இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த அரசி பூடிக்காவின் பெயரில் விற்பது பழைய வழக்கம். அவள் பெயர் எந்தக் காசிலும் இல்லை. பெயருக்குக் காசு கொடுக்காமல் பன்றி வகையை எடுங்கள், படமும் அதில்தான் மேல்.

பிரிட்டிஷ் காசு வாங்குவதில் பெரிய வசதி ஆவணம். 1961-இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் கெல்ட்டியக் காசு அட்டவணையும், இங்கிலாந்து-வேல்ஸ் பகுதியின் தொல்பொருள் பதிவுத் திட்டமும் இணையத்தில் இலவசம். பதிவு எண்ணோடு வரும் காசுக்கு எந்த வட்டாரத்தில், எந்த ஆண்டில் எடுத்தது என்பது தெரியும். டான்யூப் பக்கம் இந்த வசதி கிடைப்பது அரிது. அங்கே திருட்டுத் தோண்டல் பெரிய நோய். பழைய ஏலப் பட்டியலில் படம் வந்த காசுக்குப் பத்து, இருபது சதவீதம் கூடக் கொடுப்பது வீண் இல்லை.

ரோமைப் பார்த்து அடித்தவை

கி.மு. முதல் நூற்றாண்டில் வழிகாட்டி மாறுகிறது. கால் நாட்டின் (இன்றைய பிரான்சும் அதைச் சுற்றிய பகுதியும்) நடுக் கிழக்கில் தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசைப் பார்த்து அதன் பாதி எடையில், ஏறத்தாழ 1.9 கிராமில் குவினேரியஸ் அடித்தார்கள். 'காலெடெடூ' என்ற எழுத்துள்ளது மிக மலிவு, 50 முதல் 120 யூரோ: கவசத் தலை, பின்புறம் குதிரை. தலைக்கவசம் வரிகளாக உடையும் அச்சுகள் நன்றாக இருக்கும். ஆனால் வில்லை அவ்வளவு சிறியது என்பதால் முழு எழுத்தும் விழுந்த காசுக்குப் பொறுமை வேண்டும். தென் ஜெர்மனியின் 'பூஷல்' குவினேரியஸில் தலையே முடிக்கற்றைகளின் கட்டாகிவிட்டது. இந்தச் சின்ன வகைகளில் எனக்குப் பிடித்தது அதுதான். கால் நாட்டுத் தலைவன் டூம்னோரிக்ஸின் பெயருள்ள குவினேரியஸில் வீரன் ஒருவன் வெட்டிய தலையையும் பன்றியையும் போர்க்கொம்பையும் ஏந்தி நிற்கிறான். அரிது, விலையும் அப்படியே.

இவற்றுக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத் தினாரிகளில் பெரும்பான்மை லுக்டுனத்தில், அதாவது கால் நாட்டில் இருந்த இன்றைய லியோன் நகரில் அடித்தவை. அவற்றைப் பார்த்து இந்தியாவில் அடித்த நகல்களிலும் எழுத்து கோடுகளாகிறது. பழகிய கண்ணுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

பிராட்டிஸ்லாவாவில் அடித்த பியாடெக் காசு 17 கிராம் அளவுள்ள பெரிய வெள்ளி, லத்தீன் எழுத்தில் பெயர். கி.மு. 70-இல் வெளிவந்த ரோமானியத் தினாரியஸின் இரட்டைத் தலையை முன்புறத்தில் அப்படியே எடுத்துக்கொண்ட அச்சு இதில் உண்டு. ஸ்லோவாக்கியா யூரோவுக்கு மாறும்வரை அதன் ஐந்து கொருனா நாணயத்தில் இந்தக் காசின் படம் இருந்தது. விலை ஆயிரக்கணக்கான யூரோ. அருங்காட்சியகத்தில் பாருங்கள், போதும்.

சோதிப்பது

தேவையானவை: 0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர் அளவுகோல், நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், நூல், ஒரு டம்ளர் தண்ணீர். உரைகல் வேண்டாம், காசு கெடும்.

அடர்த்தி பார்க்கும் முறை இது. காசை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீரில் முழுக்க இறக்குங்கள். இப்போது தராசு காட்டுவது விலகிய நீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 13.60 கிராம் காசு 1.32 காட்டினால் 10.3, அதாவது தொண்ணூறு சதவீத வெள்ளி அளவு. 6.50 கிராம் கொரியோசொலிட் 0.70 காட்டினால் 9.3, வெள்ளி நான்கில் ஒரு பங்கை ஒட்டி. தூய வெள்ளி 10.49, தூய செம்பு 8.96. நல்ல மாற்றுள்ள முற்கால நான்கு திராக்மா வகை 9.1 என்று வந்தால் செம்புக்கட்டியின் மேல் வெள்ளி முலாம் இருக்க வாய்ப்பு. முலாம் பூசிய காசு அந்தக் காலத்திலேயே உண்டு, ஐசீனியிலும் நிறைய. அது போலி ஆகாது, ஆனால் விலை வேறு. தோல் துளைவிழுந்த காசில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். சில நிமிடம் ஊறவிட்டு மெல்ல ஆட்டிவிட்டுப் பாருங்கள். களிம்பு உதிரும் கொரியோசொலிட்டை ஊறவிட வேண்டாம். 1.9 கிராம் குவினேரியஸுக்கு இந்த முறை உதவாது: விலகும் நீர் 0.18 கிராம்தான், தராசின் ஒரு புள்ளிப் பிழையே முடிவை அரை அலகுக்கு மேல் மாற்றிவிடும்.

போலிகளில் வார்ப்பு சுலபமாக மாட்டும். விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கோடு, பள்ளங்களில் உருண்டைக் குமிழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்புப்போல் மழுங்கல். கஷ்டமானது புதிய அச்சில் அடித்த போலி. பல்கேரியாவில் செய்த இத்தகைய காசுகள் பல ஆண்டுகளாகச் சுற்றுகின்றன. ஏசர்ச் போன்ற ஏலப் படத் தளங்களில் தேடி, அதே அச்சோடு அதே விளிம்பு வெடிப்பும் உள்ள இன்னொரு காசு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அச்சு வரலாம், ஒரே வெடிப்பு வரக் கூடாது. பழைய உளிவெட்டு உள்ள காசு என்றால் வெட்டின் உள்ளே பாருங்கள்: மேல்தோலின் அதே நிறமும் அழுக்கும் உள்ளேயும் இருந்தால் அது அக்காலத்தில் யாரோ முலாமா என்று சோதித்தது. உள்ளே பளிச்சென்று இருந்தால் நேற்றையது.

பழைய வெள்ளி உடையும். கலந்திருக்கும் செம்பு காலப்போக்கில் வெள்ளித் துகள்களின் எல்லைகளில் பிரிந்து அரித்துப்போவதால் காசு மொறமொறவென்று ஆகிறது. மேசையில் சுண்டி ஓசை கேட்பது, வளைத்துப் பார்ப்பது, அதிர்வுக் கழுவியில் போடுவது மூன்றும் வேண்டாம். சில்லுடைந்த இடம் மணல்போல் பொரபொரத்திருந்தால் அந்தக் காசு ஏற்கெனவே அந்த நிலையில் இருக்கிறது. மெத்தென்ற துணிமேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வைப்பதும் வரவழைப்பதும்

வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பதுபோல் இதைத் தேய்த்தால் முடிந்தது கதை. புளியும் பற்பசையும் அதே ரகம். கருமை அப்படியே இருக்கட்டும். பி.வி.சி. உறையில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசுக்கு வரும், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கந்தகத்தால் கறுக்க வைக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் கொரியோசொலிட் வைத்திருந்தால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஈரமானி நாற்பது சதவீதத்துக்குக் கீழே காட்டும்படி வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் போடலாம்.

ஏலத்தில் வாங்குவோர் கணக்கை முன்கூட்டியே போடவும். ஏலம் 200 யூரோவில் முடிந்து கமிஷன் 22 சதவீதம் என்றால் 244, அதற்கு மேல் காப்பீட்டுடன் தபால், இங்கே சுங்கம். மலிவான ஒரு காசை மட்டும் வரவழைப்பது கட்டாது. ஒரே ஏலத்தில் மூன்று நான்கு எடுத்தால் தபால் செலவு பிரியும்.

இந்தியாவில் இருந்து வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசும் தொல்பொருள். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஐரோப்பியக் கடை 'போலி என்றால் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்' என்று கொடுக்கும் உறுதிமொழி நமக்குப் பெரிதாகப் பயன்படாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே விளிம்பைச் சுற்றி எடுத்த வீடியோ, பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு பக்கப் படம், இரண்டு தசமம் வரை எடை, வகை எண், முந்தைய உடைமை விவரம் ஐந்தையும் கேளுங்கள். விளிம்பு வீடியோ தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.